26ஆம் திகதியின் மேல் என்ன பழி?

டிசம்பர் பிறந்ததும் கொழும்பில் பலருடைய கைபேசிகளுக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை. அதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், 2003 டிசம்பர் 26, ஈரானின் பாம் நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம். 2001 ஜனவரி 26, குஜராத் நிலநடுக்கம். 2008 நவம்பர் 26, மும்பைத் தாக்குதல். 1963 ஜூலை 26, ஸ்கோப்யே நகரத்து நிலநடுக்கம். 1883 ஓகஸ்ட் 26, கிரகட்டோவா எரிமலை. இரண்டும் ஆறும் எட்டு, எட்டு சனியின் எண், ஆகையால் அவதானமாக இருங்கள் என்று பட்டியல் முடியும். கீழே கும்பிடும் கைகள் இரண்டு சோடி.

இதில் உள்ள திகதிகளில் பெரும்பாலானவை உண்மை. சிக்கலே அதுதான். பொய்ச் செய்தி என்றால் பொய் என்று சொல்லி அழித்துவிடலாம். உண்மைகளை வரிசையாக அடுக்கி, அதிலிருந்து தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும் பட்டியலை அப்படி ஒதுக்க முடியாது. படித்தவர்களும் "என்னதான் இருந்தாலும் அந்தத் திகதியில் ஏதோ இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பத்திரிகைகளின் "வரலாற்றில் இன்று" பகுதியும் இதே வகைதான், பயமுறுத்துவதில்லை, அவ்வளவே. பெப்ரவரி 4ஆம் திகதிக்கு அங்கே 1945இல் யால்ட்டா மாநாடு தொடங்கியதும், 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும், 2004இல் பேஸ்புக் தொடங்கப்பட்டதும் அருகருகே இருக்கும். மூன்றுக்கும் இடையே என்ன உறவு? திகதியைத் தவிர ஒன்றுமில்லை.

ஒரே திகதியில் இத்தனை நிகழ்வுகள் எப்படிக் கூடுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள உயர்தரக் கணிதம் வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

366 கடிதப் பெட்டிகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் ஒரு தொடர்மாடி இருக்கும். அதன் கீழ்த்தளச் சுவரில் வீட்டுக்கு ஒன்றாகக் கடிதப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அப்படி 366 பெட்டிகள் கொண்ட ஒரு பெரிய சுவரை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். ஜனவரி 1க்கு ஒரு பெட்டி, ஜனவரி 2க்கு ஒன்று, பெப்ரவரி 29க்கும் ஒன்று. ஒவ்வொரு கடிதமும் ஒரு வரலாற்று நிகழ்வு. ஆண்டு உறையின் மேல் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் எந்தப் பெட்டி என்பதைத் தீர்மானிப்பது மாதமும் திகதியும் மாத்திரமே. தபாற்காரர் கண்ணை மூடிக்கொண்டு கடிதங்களைப் போடுகிறார்.

366 கடிதங்கள் வரைக்கும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில் விழுவதற்கு ஒரு சின்ன வாய்ப்பாவது உண்டு. 367ஆவது கடிதத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அது ஏற்கெனவே ஆள் இருக்கும் பெட்டிக்குள்தான் போக வேண்டும். பெட்டிகளைவிடப் பொருட்கள் அதிகமானால் ஏதோ ஒரு பெட்டியிலாவது இரண்டு பொருட்கள் இருந்தே தீரும் என்ற இந்த விதிக்குக் கணிதத்தில் புறாக்கூட்டு விதி என்று பெயர். வரலாறு 366 நிகழ்வுகளோடு நிற்கவில்லை. ஆகவே திகதிகள் மோதிக்கொள்வது தவிர்க்க முடியாதது.

இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். தடுமாற்றம் அடுத்த படியில்தான் வருகிறது. தபாற்காரர் 1,000 கடிதங்களைப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி, பெட்டிக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. திறந்து பார்த்தால் எல்லாப் பெட்டிகளிலும் இரண்டு, மூன்று என்றுதான் இருக்கும் என்று மனம் எதிர்பார்க்கும். கணக்கு அப்படிச் சொல்வதில்லை. ஏறத்தாழ 24 பெட்டிகள் வெறுமையாகக் கிடக்கும். இரண்டு மூன்று பெட்டிகளில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட கடிதங்கள் திணிந்திருக்கும். யாரும் திட்டமிடவில்லை, எந்தப் பெட்டியிலும் காந்தம் இல்லை. தற்செயல் என்பது சீராகப் பரவும் இயல்புடையதல்ல. அது ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தை வெறுமையாக விடும். சீராகப் பரவியிருந்தால்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

திகதியோடு பதிவான நிகழ்வுகளோ ஆயிரத்தோடு முடிவதில்லை. 3,660 நிகழ்வுகளை எடுத்தாலே திகதிக்குச் சராசரி பத்து ஆகிவிடுகிறது. "வரலாற்றில் இன்று" பகுதியை எழுதுபவர் எந்த நாளிலும் விடயம் இல்லாமல் தவித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சுருக்கமாக: பெட்டிகள் குறைவு, நிகழ்வுகள் மிக அதிகம். சில பெட்டிகள் பிதுங்குவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

23 பேர் போதும்

ஒன்று நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையான எண்ணால், அல்லது நூற்றுக்கு இத்தனை என்று, சொல்வதே நிகழ்தகவு. அதை வைத்து ஒரு பழைய கேள்வியைக் கேட்போம். ஒரு டியூட்டரி வகுப்பில் யாரேனும் இரண்டு மாணவர்களுக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்பு சரிபாதியைத் தாண்ட வேண்டுமானால் வகுப்பில் எத்தனை பேர் வேண்டும்?

பெரும்பாலானோர் 180 அளவில் சொல்வார்கள். விடை 23. அப்போது வாய்ப்பு நூற்றுக்கு 50.7. வகுப்பில் 40 பேர் என்றால் அது 89. 57 பேர் என்றால் 99. (இந்தக் கணக்கில் பெப்ரவரி 29ஐ விட்டு 365 நாட்களை எடுத்துக்கொள்வது வழக்கம்.)

ஏன் இவ்வளவு குறைந்த எண்ணிக்கை? நாம் ஆட்களை எண்ணுகிறோம், கணக்கோ சோடிகளை எண்ணுகிறது. 23 பேரில் ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒப்பிட்டால் 253 சோடிகள் கிடைக்கும். ஒரு சோடிக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு 365இல் ஒன்றுதான். ஆனால் அந்தச் சிறிய வாய்ப்பு 253 தடவை சோதிக்கப்படுகிறது. ஆட்கள் கொஞ்சம் கூடினாலே சோடிகள் மளமளவென்று பெருகிவிடும்.

இப்போது கேள்வியை மாற்றுவோம். யாரேனும் இருவருக்கு என்பதை விட்டுவிட்டு, *உங்களுடைய* பிறந்தநாளே இன்னொருவருக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு வேண்டும் என்றால்? உங்களைச் சுற்றி 253 பேர் வேண்டும். 23 எங்கே, 253 எங்கே! (இரண்டு இடத்திலும் 253 வருகிறதே என்று புதிய வட்ஸ்அப் செய்தி தயாரிக்க வேண்டாம். 365இல் ஒன்று என்ற வாய்ப்பு பாதியாக வளர ஏறத்தாழ அத்தனை தடவை சோதிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே.)

இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்வதுதான் முழுத் தவறுக்கும் வேர். "ஏதோ இரண்டு நிகழ்வுகள் ஏதோ ஒரு திகதியில் பொருந்தின" என்பது மலிவான செய்தி. "முன்கூட்டியே குறித்த ஒரு திகதியில் பொருந்தின" என்பது அரிய செய்தி. முதல் வகையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வகைக்குரிய வியப்பை நம்மிடம் வாங்கிவிடுகிறார்கள்.

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங் 1942 ஜனவரி 8 அன்று பிறந்தார். கலிலியோ இறந்து அன்றுடன் சரியாக 300 ஆண்டுகள். ஹோக்கிங் 2018 மார்ச் 14 அன்று இறந்தார். அது ஐன்ஸ்டைனின் பிறந்தநாள். அறிவியல் தெரிந்தவர்களே மறுபிறவி என்று எழுதத் துணியும் அளவுக்குப் பொருத்தம். ஹோக்கிங்கோ தன் பிறந்தநாளைப் பற்றிச் சொல்லும்போது, அதே நாளில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று கணக்கிட்டுக் கூறுவார். மற்றக் குழந்தைகள் யாரும் நம் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் அடுத்த விடயம்.

பட்டியலை எழுதியவர் எதை விட்டார்?

2011 மார்ச் 11, ஜப்பான். 2010 ஜனவரி 12, ஹெய்ட்டி. 2005 ஒக்டோபர் 8, காஷ்மீர். 2015 ஏப்ரல் 25, நேபாளம். 2023 பெப்ரவரி 6, துருக்கியும் சிரியாவும். 1976 ஜூலை 28, சீனாவின் தாங்ஷான். 1923 செப்டெம்பர் 1, டோக்கியோ. பதிவான நிலநடுக்கங்களிலேயே மிகப் பெரியதாகிய, 9.5 அளவுள்ள சிலி நிலநடுக்கம், 1960 மே 22. இவற்றில் ஒன்றுகூட 26ஆம் திகதியில் இல்லை. அதனால்தான் அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

ஒரு முடிவுக்குப் பொருந்துகிறவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்த்து, மற்றவற்றைக் கண்ணில் படாமல் விடுவதால் வரும் கோணலைத் தெரிவுச் சாய்வு என்கிறார்கள். பொறுக்குபவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆழிப்பேரலையின் காயம் ஆறாத ஒருவர் 26 என்ற எண்ணை வேறெங்கு கண்டாலும் திடுக்கிடுவார். 25 அவரை நிறுத்தாது, 28 நிறுத்தாது. நினைவு தானாகவே சல்லடை ஆகிவிடுகிறது.

சல்லடையின் துளை எவ்வளவு பெரியது என்றும் பார்க்க வேண்டும். "டிசம்பர் 26" என்று தொடங்கிய கதை, ஒரே வரியில் "எந்த மாதத்திலும் 26" என்று விரிந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு நாளாக இருந்தது 12 நாளாகிவிட்டது. உலகில் 7 அல்லது அதற்கு மேல் அளவுள்ள நிலநடுக்கங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 15 அளவில் ஏற்படுகின்றன. அவை திகதி பார்த்து வருவதில்லை என்றால், 15ஐ 12ஆல் பெருக்கி 365ஆல் வகுக்க, ஆண்டுக்கு ஏறத்தாழ 0.5 வருகிறது. அதாவது இரண்டாண்டுக்கு ஒன்று ஏதோ ஒரு மாதத்தின் 26ஆம் திகதியில் வந்தே ஆக வேண்டும். நூறாண்டில் ஐம்பது. 9ஆம் திகதிக்கும் இதே கணக்குத்தான், 17ஆம் திகதிக்கும் இதே கணக்குத்தான். பின்னர் நிலநடுக்கம் போதாதென்று எரிமலை சேர்ந்தது; இயற்கை அழிவு போதாதென்று மனிதர் செய்த தாக்குதலும் சேர்ந்தது. எதையும் சேர்க்கலாம் என்றால் எந்தத் திகதியையும் குற்றவாளி ஆக்கலாம்.

கிரகட்டோவாவையும் விடக்கூடாது. அதன் பெருவெடிப்பு 1883 ஓகஸ்ட் 26 பிற்பகலில் தொடங்கியது உண்மை. ஆனால் தீவைச் சிதறடித்து, பேரலைகளைக் கிளப்பிய மிகப் பெரிய வெடிப்புகள் நிகழ்ந்தது 27ஆம் திகதி காலை. 27க்கு யாராவது பட்டியல் எழுதினால் அதே எரிமலை அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெக்சிக்கோவின் செப்டெம்பர் 19

இவ்வளவும் படித்துவிட்டு, "எல்லாமே பொறுக்கல்தானா?" என்று கேட்பவருக்கு மெக்சிக்கோவின் கதை கடினமான சோதனை. 1985 செப்டெம்பர் 19 அன்று 8.0 அளவுள்ள நிலநடுக்கம் மெக்சிக்கோ நகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் நினைவாக ஆண்டுதோறும் அதே நாளில் நாடு முழுவதும் நிலநடுக்க ஒத்திகை நடத்தப்படுகிறது. 2017 செப்டெம்பர் 19, காலை 11 மணிக்கு ஒத்திகை, 1.14க்கு 7.1 அளவுள்ள உண்மையான நிலநடுக்கம். 2022 செப்டெம்பர் 19, பிற்பகல் 12.19க்கு ஒத்திகை, ஒரு மணித்தியாலம் ஆகுமுன், 1.05க்கு மீண்டும் ஒரு பெரிய நிலநடுக்கம்.

நாற்பது ஆண்டுக்குள் மூன்று. இங்கே திகதியும் மாதமும் நாடும் ஒன்று. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நாட்டில் ஒரு காலப்பகுதியில் 20 பெரிய நிலநடுக்கங்கள் ஏற்பட்டன என்று எடுத்தால், அவற்றில் ஏதேனும் இரண்டு ஒரே திகதியில் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 41. அது சாதாரணம். ஏதேனும் மூன்று ஒரே திகதியில் விழும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அது அரிது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நிலநடுக்கம் அதிகம் வரும் நாடுகள் பல. நிலநடுக்கத்தோடு வெள்ளம், விமானவிபத்து, தலைவர்களின் மரணம் என்று நாம் கவனிக்கும் நிகழ்வு வகைகளும் பல. நூற்றில் ஒன்று என்ற வாய்ப்பை நூறு இடங்களில் தேடினால், எங்கோ ஓரிடத்தில் அது அகப்படுவதுதான் இயல்பு. அகப்பட்ட இடம் மெக்சிக்கோ.

அந்நாட்டின் நிலநடுக்கங்களுக்கு அடிப்படைக் காரணம், பசிபிக் பக்கத்தில் கொக்கோஸ் என்ற புவித்தட்டு கண்டத்தின் அடியில் செருகிக்கொண்டிருப்பது. ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் நகரும் அந்தப் பாறைத் தட்டுக்குச் செப்டெம்பரும் தெரியாது, ஒத்திகையின் சங்கொலியும் கேட்காது.

காலத்தோடு தொடர்புள்ள நிகழ்வுகளும் இருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியை அழித்த சூறாவளி 1964 டிசம்பரில் வந்தது. மட்டக்களப்பைச் சிதைத்தது 1978 நவம்பர் 23 அன்று. வங்காள விரிகுடாவில் புயல்கள் உருவாகும் பருவங்களில் ஒன்று அது. ஆகையால் புயல் என்ற கடிதங்கள் 366 பெட்டிகளிலும் சமமாக விழமாட்டா. இரண்டு புயல்கள் ஒரே மாதத்தில் வந்தால் பருவத்தைப் பாருங்கள், எண் சோதிடத்தை அல்ல.

எந்த நாட்காட்டியின் பெட்டி?

இதுவரை பெட்டிகள் இயற்கையாகவே அங்கே இருப்பதுபோலப் பேசிவந்தோம். உண்மையில் சுவரைக் கட்டியதும் மனிதர்தான், பெட்டிகளுக்கு எண் போட்டதும் மனிதர்தான்.

செட்டியார் தெரு நகைக்கடைகள் புத்தாண்டுக்குத் தரும் கலண்டரை ஒரு முறை கவனித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஆங்கிலத் திகதி. கீழே தமிழ் மாதத் திகதி, திதி, நட்சத்திரம். ஓரத்தில் ஹிஜ்ரி திகதி. போயா என்றால் முழுநிலாவின் படம். ஒரே தாளில் நான்கு வகைக் கணக்குகள். ஆறுமுக நாவலர் 1879 டிசம்பர் 5 அன்று மறைந்தார். ஆனால் அவருடைய குருபூசை கார்த்திகை மாத மக நட்சத்திரத்தில் நடக்கிறது. ஆங்கிலக் கணக்கில் அது ஆண்டுக்கு ஆண்டு நகரும், நட்சத்திரக் கணக்கில் அசையாமல் நிற்கும். இரண்டில் எது "அதே நாள்"? வீட்டில் திவசம் செய்பவருக்கு விடை ஒன்று, பத்திரிகையில் நினைவஞ்சலி போடுபவருக்கு விடை இன்னொன்று.

கொழும்பின் வரலாற்றிலேயே இதற்குக் கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. 1942 ஏப்ரல் 5 காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானை விமானத்தளத்தையும் தாக்கின. 29 ஆண்டுகள் கழித்து, 1971 ஏப்ரல் 5 அன்று, மக்கள் விடுதலை முன்னணியின் ஆயுதக் கிளர்ச்சி நாடெங்கும் பொலிஸ் நிலையங்கள் மீதான தாக்குதல்களோடு தொடங்கியது. ஆங்கிலத் திகதியை மட்டும் பார்ப்பவர், ஏப்ரல் 5 இலங்கைக்கு ஆகாத நாள் என்பார்.

ஆனால் 1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு. ஈஸ்டர் பண்டிகைக்கு நிலையான திகதி கிடையாது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலாவுக்கு அடுத்த ஞாயிறு என்பதே அதன் விதி. ஆகவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எங்கும் வரலாம். 2019இல் அது ஏப்ரல் 21 அன்று வந்தது. அன்று காலை கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. திருச்சபையின் நாட்காட்டியை வைத்திருப்பவருக்கு 1942ஆம் ஆண்டுத் தாக்குதலின் சோடி 2019. சுவரில் ஆங்கிலக் கலண்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு அதன் சோடி 1971. சோடியைத் தீர்மானித்தது கலண்டர்.

ஐரோப்பாவின் புகழ்பெற்ற பொருத்தங்களும் இதில் உதிர்ந்துபோகின்றன. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று இறந்தார்கள் என்பார்கள். உலகப் புத்தக நாளும் அந்தத் திகதியில்தான் வருகிறது. ஆனால் பழைய யூலியன் நாட்காட்டி ஆண்டை ஏறத்தாழ 11 நிமிடம் நீட்டிக் கணக்கிட்டது. அந்த 11 நிமிடங்கள் நூற்றாண்டுகளாகச் சேர்ந்தன. 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரகோரி 10 நாட்களை நீக்கினார். ஒக்டோபர் 4க்கு மறுநாள் ஒக்டோபர் 15 ஆனது. நாம் இன்று பயன்படுத்தும் கிரகோரியன் நாட்காட்டி அதுதான். ஸ்பெயின் உடனே மாறியது, இங்கிலாந்து 1752வரை மாறவில்லை. ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினில் திகதி மே 3. போதாததற்கு, ஏப்ரல் 23 செர்வாண்டிஸ் அடக்கம் செய்யப்பட்ட நாள். அவர் இறந்தது அதற்கு முந்தைய நாள் என்றே கருதப்படுகிறது.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பதும் இப்படியே. கலிலியோவின் 1642 ஜனவரி 8 புதிய கணக்கு. நியூட்டனின் 1642 டிசம்பர் 25 பழைய கணக்கு. இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

எந்த ஊர்க் கடிகாரம்?

பூமி சுழல்வதால் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் நள்ளிரவு வருவதில்லை. அதற்காக உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொது நேரம் வைத்திருக்கிறோம்; இப்பகுதிகளே நேர வலயங்கள். எந்தக் கணத்திலும் பெரும்பாலும் உலகில் இரண்டு திகதிகள் நடப்பில் இருக்கும்.

மனிதன் சந்திரனில் இறங்கியது 1969 ஜூலை 20 என்று பாடசாலையில் படித்தோம். அமெரிக்காவில் அது 20தான். கொழும்புக் கடிகாரத்தில் அப்போது ஜூலை 21, அதிகாலை 1.47. பேர்ள் துறைமுகம் 1941 டிசம்பர் 7 அன்று தாக்கப்பட்டது. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8. திகதியைப் பார்த்தால் மலாயா பிந்தியது. உண்மையில் கோத்தா பாருத் தாக்குதல்தான் சுமார் ஒரு மணித்தியாலம் முந்தியது.

இப்போது 26க்குத் திரும்புவோம். ஆழிப்பேரலையை உண்டாக்கிய நிலநடுக்கம் நிகழ்ந்த கணத்தில் நியூயோர்க்கில் திகதி டிசம்பர் 25, நத்தார் தின இரவு ஏழு மணி 58 நிமிடம். பாம் நகரம் அழிந்தபோதும் அங்கே டிசம்பர் 25 இரவு. குஜராத் குலுங்கியபோதும் நியூயோர்க்கில் ஜனவரி 25 இரவு. நிலநடுக்கங்கள் அவைதாம், கணங்களும் அவைதாம். நியூயோர்க்கில் இருந்துகொண்டு தன் கடிகாரத்தை மட்டும் நம்புகிற ஒருவர் இந்தப் பட்டியலை எழுதியிருந்தால் 25ஐப் பழித்திருப்பார். இரண்டும் ஐந்தும் ஏழு. அதற்கும் ஒரு கிரகம் இருக்கும்.

நள்ளிரவைத் தாண்டும் நிகழ்வுகள் இன்னும் சிக்கலானவை. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை 1981 மே 31 என்றும் ஜூன் 1 என்றும் இரண்டு விதமாக எழுதுவார்கள். ஓர் இரவு இரண்டு பெட்டிகளுக்கும் உரியது.

சுருக்கமாக: திகதி என்பது நிகழ்வின் குணம் அல்ல. நாட்காட்டி, நேர வலயம், நள்ளிரவு என்ற எல்லை ஆகிய மூன்றும் சேர்ந்து நிகழ்வுக்கு ஒட்டும் சீட்டு அது.

வேண்டுமென்றே குறித்த நாட்கள்

அப்படியானால் ஒரே திகதி என்றாலே தற்செயல்தான் என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. இது மறுபக்கத்துத் தவறு. சில பொருத்தங்களுக்கு மிக எளிய காரணம் உண்டு: யாரோ ஒருவர் அந்த நாளைத் தெரிந்தெடுத்தார்.

கொரியா ஜப்பானிடமிருந்து விடுபட்டது 1945 ஓகஸ்ட் 15. இந்தியா சுதந்திரம் பெற்றது 1947 ஓகஸ்ட் 15. ஜப்பான் சரணடைவை அறிவித்த நாளின் இரண்டாவது ஆண்டு நிறைவு என்பதால் தாமே அந்தத் திகதியைத் தெரிந்தெடுத்ததாக இந்தியாவின் கடைசிப் பிரித்தானிய வைசிராய் மவுன்பேட்டன் பின்னர் சொன்னார். போரின் பிற்பகுதியில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதியாக இருந்தவர் அவர். அவருடைய தலைமையகம் 1944இலிருந்து இங்கே கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில்தான் இருந்தது. ஜப்பானின் சரணடைவு அவருக்குச் சொந்த வெற்றி. இந்தியக் குடியரசு நாள் 1950 ஜனவரி 26 ஆனதும் இப்படித்தான்: அரசியலமைப்பு முந்திய நவம்பரிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. 1930 ஜனவரி 26 அன்று காங்கிரஸ் கட்சி பூரண சுயராச்சிய நாள் கொண்டாடியதை நினைவுபடுத்தவே அதுவரை காத்திருந்தார்கள். அதே ஜனவரி 26 அவுஸ்திரேலியாவின் தேசிய நாளாகவும் இருக்கிறது. 1788இல் பிரித்தானியக் கப்பல்கள் சிட்னிக் குடாவுக்கு வந்த நாள் அது. இந்தியச் சோடிக்குக் காரணம் உண்டு, அவுஸ்திரேலியச் சோடிக்கு இல்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு வகையும் கிடக்கின்றன.

பர்மாவோ சோதிடர்களிடமே கேட்டது. 1948 ஜனவரி 4, அதிகாலை 4.20 என்று அவர்கள் குறித்துக் கொடுத்த நேரத்திலேயே சுதந்திரம் பெற்றது. கிரகங்கள் திகதியைத் தேர்ந்தனவோ இல்லையோ, கிரகங்களை நம்பியவர்கள் தேர்ந்தார்கள். அதுவும் ஒரு வரலாற்றுக் காரணமே. 2019இல் உயிர்த்த ஞாயிறு தெரிவு செய்யப்பட்டதற்கும் காரணம் உண்டு. தேவாலயங்கள் நிரம்பி வழியும் நாள் அது.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் வந்தால், முதலில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நாள் குறிக்கக்கூடிய ஒரு மனிதர் இருந்தாரா என்று பாருங்கள். இருந்தால் அவருடைய நோக்கத்தைத் தேடுங்கள். நிலநடுக்கம்போல யாரும் இல்லையென்றால், பட்டியலில் விடுபட்டவை எவை, எந்த ஊர்த் திகதி, எந்த நாட்காட்டி என்று கேளுங்கள். பெரும்பாலான பட்டியல்கள் இரண்டாவது கேள்வியைத் தாண்டமாட்டா.

எந்த வகையிலும் சேராமல் நடுவில் நிற்கும் ஒரு பொருத்தமும் இருக்கிறது. அமெரிக்காவின் இரண்டாம் ஜனாதிபதி ஜோன் அடம்சும் மூன்றாம் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனும் ஒரே நாளில் இறந்தார்கள்: 1826 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு அன்று. ஐந்தாம் ஜனாதிபதி மன்றோ 1831 ஜூலை 4 அன்று இறந்தார். அக்காலத்தவர் இதில் கடவுளின் கையைக் கண்டார்கள். முதிய நோயாளிகள் ஒரு பெருநாளுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று இன்றும் சிலர் விளக்குவார்கள். ஆனால் 1776இல் பிரித்தானியாவிடமிருந்து பிரியும் தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2 அன்று. ஜூலை 4 அன்று நடந்தது பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது மட்டுமே. ஜூலை 2ஐத்தான் வருங்காலச் சந்ததியினர் கொண்டாடுவார்கள் என்று 1776 ஜூலை 3 அன்று தன் மனைவிக்கு எழுதியவர் இதே ஜோன் அடம்ஸ். அவர் எதிர்பார்த்தபடியே நடந்திருந்தால், 1826இல் அவர்கள் இருவரும் பெருநாள் கழிந்து இரண்டு நாட்களுக்குப் பின் இறந்த இரண்டு முதியவர்களாகவே பதிவாகியிருப்பார்கள்.